சுறா எண்ணெய் குடித்த கிரேன்

பௌதிகத்தில் பட்டம் வாங்கியதை நான் வெளியில் சொல்லிக்கொள்வதில்லை. சொன்னால் வீட்டில் யாராவது கிரேன் கதையை எடுத்துவிடுவார்கள்.

என் கணவருக்குச் சரக்குக் கப்பலில் வேலை. பத்து மாதம் கடல், இரண்டு மாதம் வீடு. ஒருமுறை விடுப்பில் வந்தபோது, துண்டுகளைப் பூட்டி விளையாடும் பொம்மைப் பெட்டி ஒன்று கொண்டுவந்தார். ஐந்து வயது செந்திலும் அவரும் தரையில் குப்புறப் படுத்து, துறைமுகத்தில் நிற்பதைப் போலவே ஒரு கிரேன் கட்டினார்கள். அதற்குச் சின்ன பேட்டரி மோட்டார், நாலைந்து பல்சக்கரம். கிளம்பும்போது, "நான் வார வரைக்கும் இத ஓட்டிக்கிட்டே இரு, என்னலே?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவன் அதை அப்படியே பிடித்துக்கொண்டான். தினமும் நாலு மணிக்குக் கிரேன் ஓடும். ஓடினால் அப்பா வந்துகொண்டிருக்கிறார் என்று அர்த்தம். (நானும் நம்பினேன். பட்டதாரி!)

ஏழாம் மாதம் மோட்டார் கரகரத்தது. பிறகு பல்லைக் கடித்தது. அந்த நேரம் பார்த்து ஐந்து வாரமாகக் கடிதமும் இல்லை. மோட்டார் நின்றுவிட்டால்? அதற்கு மேல் யோசிக்க எனக்குத் தைரியமில்லை.

எண்ணெய் விட வேண்டும். எதை? விளக்கெண்ணெய் பிசுபிசுக்கும். தேங்காய் எண்ணெய் பனியில் உறையும். அரிசிப் பானைக்குப் பின்னால் நான் ஒளித்து வைத்திருந்த சுறா எண்ணெய் பாட்டில் ஞாபகம் வந்தது. எங்கள் வீடு சுத்த சைவம்; முட்டைகூடப் படி ஏறாது. பிள்ளை நோஞ்சானாக இருக்கிறான் என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததை, மாமியாரான அத்தைக்குத் தெரியாமல் தினம் ஒரு கரண்டி கொடுத்துவந்தேன். கடலடிக் குளிரிலேயே உறையாத சுறாவின் எண்ணெய், பல்சக்கரத்திலா உறையும்? (பௌதிகம்!) ஒரு சொட்டு விட்டேன். போதுமா என்று சந்தேகம் வந்தது. அரைக் கரண்டி விட்டேன். சத்தம் அடங்கியது.

மறுநாள் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து என் மாமனாரின் அண்ணன் சாப்பிட வந்தார். பூண்டு வாசத்துக்கே முகம் சுளிப்பவர். இலை போட்டதும் செந்தில் கிரேனோடு வந்தான். கொக்கியில் அப்பளம்.

"தாத்தா, அப்பளம் கப்பல்ல வருது!"

மோட்டார் சுற்றியது. சுற்றச் சுற்றச் சூடேறியது. மீன் ஏற்றிய வள்ளம் ஒன்று பந்தியிலேயே கரை ஒதுங்கியது போலிருந்தது. ஜன்னலில் இரண்டு பூனைகள் தோன்றின. ஒன்று உள்ளே குதித்துக் கிரேனைக் கட்டிப்பிடிக்க, அப்பளம் ரசத்தில் இறங்கியது.

"இதென்னம்மா, கவிச்சி அடிக்கு?" என்றார் பெரியவர்.

"என் மருந்துதான் தாத்தா! அம்மா கிரேனுக்கும் குடுத்துட்டா!"

நான் தூணோடு தூணானேன். அத்தை மோர்ச்செம்போடு வந்தார்கள்.

"மருந்துன்னா மணக்கவா செய்யும் அத்தான்? பிள்ள தேறணும்னு டாக்டர் குடுத்தது. நீங்க மோர் ஊத்திக்கிடுங்க."

அவர் ஊற்றிக்கொண்டார். வேறென்ன செய்வார்?

அடுக்களையில் நான் அழுதேன்.

"கண்ணத் தொடைளா. மூணு மாசமா அந்தக் கரண்டியத் தனியாக் கழுவி வைக்கது யாருன்னு நெனச்சே?"

"ஒங்களுக்குத் தெரியுமா அத்தை?"

"பிள்ள மடியில வந்து படுத்தா வாய் மணக்காதா? அது கெடக்கட்டும், கிரேனுக்கு எதுக்குளா ஊத்துனே?"

"அது நின்னுட்டா… அவுக…"

அத்தை கடிகாரத்தைப் பார்த்தார்கள். "நாலு ஆகப் போகுது. அவன ஓட்டச் சொல்லு."

பல்சக்கரங்களை மண்ணெண்ணெயில் கழுவித் திரும்பப் பூட்டினேன். ஒரு சின்ன வளையம் கையிலேயே மிஞ்சியது. சத்தம் முன்பைவிடப் பலமாகத் திரும்பி வந்தது. எங்கள் மூவரில் ஒருவரும் குறை சொல்லவில்லை.

மூன்று மாதம் கழித்து அவர் வந்தார். பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் மூக்கை உறிஞ்சினார். "யாருளா இங்க மீன் பொரிச்சது?"

இன்றுவரை வீட்டில் கதவு கீச்சிட்டால், "பௌதிகத்தக் கூப்பிடுங்க, மீனெண்ணெயோட வரட்டும்" என்பார். இப்போது மறுபடி கடலுக்குப் போயிருக்கிறார். கதவு கீச்சிட்டுக்கொண்டுதான் இருக்கிறது. நான் எண்ணெய் விடவில்லை. அவர் வந்து சொல்லட்டும்.