மூவால் வகுப்பு கலைக்கப்படுவது குறித்துச் சம்பந்திக்கு

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கே எல்லோரும் நலம், என்னைத் தவிர. தங்கள் முழங்கால் வலியும் சம்பந்தி அம்மாவின் இருமலும் தணிந்திருக்கும் என்று நம்பி விஷயத்துக்கு வருகிறேன். தங்கள் மகளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. தங்கமான பெண். ஆனால் அந்தத் தங்கம் என் அடிமடியிலேயே கை வைத்துவிட்டது.

சேற்றுப்புழுவின் குடலில் வாழும் ஒட்டுண்ணிகளைப் பார்த்தே என் உத்தியோகம் முழுவதும் கழிந்தது என்பது தாங்கள் அறிந்ததே. நுண்ணோக்கியில் வைத்தால், அவை பரவுவதற்காக உதிர்க்கும் ஒவ்வொரு வித்தும் மூன்று நீண்ட வால்களை விரித்துக்கொண்டு நங்கூரம் போல மிதக்கும். அந்த அழகுக்காகவே அவற்றுக்கு 'மூவால் வகுப்பு' என்று ஒரு தனி வகுப்பை ஏற்படுத்தினேன். வகுப்பு என்றால் பள்ளிக்கூட வகுப்பு இல்லை, சம்பந்தி. பறவைகளெல்லாம் ஒரு வகுப்பு, பாலூட்டிகளெல்லாம் ஒரு வகுப்பு என்கிறோமே, அந்த அந்தஸ்து. மீனில் உள்ள ஒட்டுண்ணிகளை ஆராய்பவர்கள் தனிக் கூட்டம். எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. அவர்களுடைய வித்துக்கு வாலே இல்லை, மிளகு போல உருண்டையாக இருக்கும், அதில் பார்க்க என்ன இருக்கிறது? அப்படியும், தங்கள் மகள் மீன் கட்சி என்று தெரிந்தே பெருந்தன்மையாகக் கல்யாணத்துக்குச் சம்மதித்தேன். கல்யாணப் பரிசாக, அப்போது நான் கண்டுபிடித்திருந்த புழு ஒட்டுண்ணிக்குத் தங்கள் பெயரையே சூட்டி, அச்சான தாளைச் சட்டம் போட்டுக் கொடுத்தேன். "ரொம்பப் பெருமையா இருக்கு சம்பந்தி" என்று எல்லார் முன்னாலும் சொன்னீர்கள். என் கண் கலங்கிவிட்டது.

ஓய்வு பெற்றதும் புழுத் தட்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து குளியலறை ஜன்னலடியில் வைத்தேன். தங்கள் மகள் மீன் தொட்டியைக் கூடத்தில் வைத்தாள். போன மழைக்காலம் முழுவதும் அவள் ஏரி ஏரியாக ஆய்வுக்குப் போக வேண்டியிருந்தது. கிளம்பும்போது, "மாமா, தொட்டியில தண்ணி குறைஞ்சா ஊத்துங்க. குழாய்த் தண்ணி வேணாம், குளோரின் இருக்கும்" என்றாள். குளோரின் இல்லாத தண்ணீருக்கு நான் எங்கே போவேன்? என் புழுத் தட்டில்தான் நாள்பட்ட தண்ணீர் தெளிந்து நின்றது. மருமகள் மேல் உள்ள பிரியத்தில் தினமும் அதை மொண்டு மொண்டு ஊற்றினேன். மீன் குஞ்சுகள் தம் வாலைத் தாமே துரத்திக்கொண்டு வட்டமடிக்க ஆரம்பித்தன. குஷியாக விளையாடுகின்றன என்று போனில் நல்ல செய்தியாகவும் சொன்னேன். அவள் வந்து, செத்த குஞ்சின் மண்டையைத் திறந்து பார்த்தால் குருத்தெலும்பு முழுக்க மிளகு. "இதெல்லாம் இந்தத் தொட்டியிலயே பொறந்த குஞ்சு மாமா. வெளியிலிருந்து வந்தது உங்க தண்ணி மட்டும்தான்" என்றாள். அதோடு விட்டாளா? செத்த மீனைச் சேற்றில் கலந்து, நோயில்லாத புழுக்களுக்குக் கொடுத்துக் காத்திருந்தாள். சில மாதங்களில் அவை என் மூவால் வித்துகளை உதிர்த்தன. மீனின் வித்தைப் புழு தின்னும், புழுவின் வித்து மீனில் தைக்கும், இரண்டும் ஒரே ஜீவனின் இரண்டு கோலமாம். போதாததற்கு மரபணுவைப் பார்த்துவிட்டு, இது ஜெல்லிமீனின் சொந்தம் என்கிறாள்; ஓசியில் இடம் கிடைத்ததும் வாய் வயிறு எல்லாவற்றையும் விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்ட கிளையாம்.

நியாயம் கேட்கலாமென்று மகனிடம் போனால், "எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்பா" என்று செய்தித்தாளைப் புரட்டினான். என் மனைவியோ, "ஒரே பையனை சட்டையோட ஒரு தடவை, பனியனோட ஒரு தடவை பார்த்துட்டு, நமக்கு ரெண்டு பசங்கன்னு எழுதி வச்சிருக்கீங்க" என்றாள். 

தங்கள் மகள் கட்டுரை எழுதி முடித்துவிட்டாள். என் பெயரையும் சேர்த்திருக்கிறாள், கையெழுத்துப் போடச் சொல்கிறாள். என் வகுப்பைக் கலைக்க என் கையெழுத்து. இதில் தங்கள் மானமும் இருக்கிறது. ஒரே உயிருக்கு இரண்டு பெயர் இருந்தால் முந்தி வைத்ததுதான் நிற்கும் என்பது எங்கள் துறையின் சட்டம். இந்த மீன் ஒட்டுண்ணிக்கு மீன் கட்சியில் யாரோ ஒரு மீன்காரர் முன்பே பெயர் வைத்துவிட்டார். ஆகவே கட்டுரை வெளிவந்தால் தங்கள் பெயரும் அடிபட்டுப் போகும். பெற்ற அப்பா ஒரு வார்த்தை சொன்னால் கேட்பாள். அந்த வகுப்பு இல்லையென்றால் ஆயுசு முழுக்க நான் என்னதான் செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை, சம்பந்தி.

தங்கள் இல்லத்துப் பெரியவர்களுக்கு என் வணக்கம், சிறியவர்களுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
தங்கள் பதிலே கதி என்றிருக்கும் சம்பந்தி

பின்குறிப்பு: முகவரிக்காகத் தங்கள் மகளைக் கேட்கப் போக, கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டாள். கோபப்படவில்லை, தரையில் உட்கார்ந்து சிரித்தாள். அந்தப் பரிசு வந்த நாளிலிருந்து அலுவலகத்தில் தங்களை 'புழு சார்' என்றுதான் கூப்பிடுகிறார்களாமே. சட்டம் போட்ட தாள் அலமாரிக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நிற்கிறதாமே. "எப்படியாவது என் பேரை அதுலேருந்து எடுத்துடும்மா" என்று தாங்கள் கெஞ்சியதால்தான் இவ்வளவு பிடிவாதமாகக் கட்டுரையை எழுதினாளாம். என்னிடமே சொல்லியிருக்கலாம். மனம் நொந்து, தங்களை விடுவிப்பதற்காகவே கட்டுரையில் கையெழுத்துப் போட்டு, கையோடு அனுப்பியும்விட்டோம். அதன் பிறகுதான் ஒரு சந்தேகம் வந்து வருஷத்தைப் பார்த்தோம். மீன்காரர் பெயர் வைத்தது கல்யாணத்துக்கு முன்பு என்று நான் நினைத்தது தப்பு, அடுத்த வருஷம்தான் வைத்திருக்கிறார். என்னை நம்பி அவளும் பார்க்காமல் இருந்துவிட்டாள். ஆகவே என் வகுப்பு போனது, மீன்காரர் வைத்த பெயரும் போனது, நிற்பது தங்கள் பெயர் ஒன்றுதான், இனிமேல் புழுவுக்கும் மீனுக்கும் சேர்த்து. மீன் பண்ணைகளில் ஒட்டும் எச்சரிக்கைச் சுவரொட்டியிலும் அதைக் கொட்டை எழுத்தில் போடுவார்களாம். இதை அப்பாவிடம் யார் சொல்வது என்று தங்கள் மகள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். அதனால்தான் இந்தக் கடிதத்தைக் கிழிக்காமல் அனுப்புகிறோம்.