மணிக்கு எத்தனை புள்ளி?

உலகத்துக்கு ஏதாவது செய்துவிட்டுத்தான் மறுவேலை என்று முடிவு செய்தேன். அதுவும் உட்கார்ந்த இடத்திலிருந்தே. விஞ்ஞானிகள் தங்கள் ராட்சசக் கணக்குகளைத் துண்டு துண்டாக்கி இணையத்தில் அனுப்புகிறார்கள். நம் வீட்டுக் கம்ப்யூட்டர் போட்டுக் கொடுத்தால் காசு கிடையாது, புள்ளி உண்டு.

என் கம்ப்யூட்டர் படுக்கையறையில், நான் ஒரு பக்கம் மட்டும் ஆணியடித்த அலமாரிக்குக் கீழே, ஓயாமல் உறுமியது.

"ரூமா இது, அடுப்பா? ஹாலுக்குத் தூக்கிட்டுப் போங்க," என்றாள் மனைவி.

"விஞ்ஞானம்டி!"

"சரி, ஒரு வாரம் பந்தயம். என் பழைய லேப்டாப்பும் கணக்குப் போடட்டும். நீங்க ஜெயிச்சா இது இங்கேயே இருக்கட்டும். நான் ஜெயிச்சா இது ஹாலுக்கு, நீங்க ஒரு மாசம் பாத்திரத்துக்கு. இந்த வாரப் புள்ளிய ஞாயித்துக்கிழமைதான் பாக்கணும்."

அவள் லேப்டாப் கண் திறக்கவே கால் மணி நேரம் ஆகும். பாவம்!

நான் விடுவேனா? எந்த ஆராய்ச்சித் திட்டம் என் கம்ப்யூட்டருக்கு மணிக்கு எத்தனை புள்ளி தருகிறது என்று அட்டவணையே போட்டேன். நட்சத்திரம் தேடினால் நூற்றிருபது. மருந்து ஆராய்ச்சிக்கு வெறும் நாற்பது. அவள் மருந்தை எடுத்தாள்.

"புள்ளி கம்மிடி."

"பரவால்ல, யாருக்காவது உதவுமே."

செவ்வாய்க்கிழமை அவளே வந்தாள். "ஏங்க, பகா எண் தேடுற திட்டத்துல நூத்தம்பதாமே?"

அட, ஆமாம்! நட்சத்திரத்தை அம்போவென்று விட்டுத் தாவினேன்.

வியாழக்கிழமை, "வானிலைக்கு இருநூறு போட்டிருக்கான், பாத்தீங்களா?" என்றாள். எதிராளிக்கே துப்புக் கொடுக்கிறாளே, என்ன வெள்ளை மனசு! எனக்குக் கண் கலங்கிவிட்டது. தாவினேன். சனிக்கிழமையும் அப்படியே.

ஞாயிற்றுக்கிழமை புள்ளிப் பட்டியலைத் திறந்தோம். அவளுக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு. எனக்குப் பூஜ்யம்.

"மோசடி! வாரம் பூரா ஓடியிருக்கு!"

"ஓடிச்சுங்க. ஆனா புள்ளி ஜாஸ்தி தர்ற இடத்துல துண்டும் பெருசு. உங்க மெஷினுக்கே மூணு நாள் ஆகும். முடிச்சு அனுப்பினாத்தான் புள்ளி. வெப்சைட் முதல் பக்கத்துலயே எழுதியிருக்கான்."

"தெரிஞ்சேதான் தாவ விட்டியா? நான் தாவாம இருந்திருந்தா?"

"தோத்திருப்பேன். பயமாத்தான் இருந்துச்சு. அப்புறம் எட்டு வருஷமா ஒத்தை ஆணியில தொங்குற அந்த அலமாரியப் பாத்தேன். தைரியம் வந்துடுச்சு."

இப்போது பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். பாதிக்கு மேல் ஆகிவிட்டது. முழுசா முடிச்சாத்தான் சாப்பாடாம்.