நாலு ஜன்னல், ஒரு சம்மதம்

கூடப் பிறந்த அக்காவை ஒரே நேரத்தில் நாலு மாப்பிள்ளைகளுக்குக் கட்டிக்கொடுக்கப் பார்த்தவன் நான். வேண்டுமென்று செய்யவில்லை. சொன்னால் வீட்டில் இன்னும் யாரும் நம்புவதில்லை.

என் நண்பன் ஏழுமலை செங்கம் ரோட்டில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தான். இருவருக்கும் ஆன்லைன் கேம் பைத்தியம். ஒரே நேரத்தில் நாலு அக்கவுண்டில் நாலு வீரர்களை ஓட்டினால்தான் அரக்கன் சாவான். ஏழுமலை ஹார்டுவேர் கட்சி: நாலு கம்ப்யூட்டரின் கீபோர்டையும் வரிசையாக அடுக்கி, ரப்பர் ஒட்டிய ரீப்பர் கட்டையால் நாலிலும் ஒரே பட்டனை அமுக்குவான். நான் சாப்ட்வேர் கட்சி: ஒரே கம்ப்யூட்டர் திரையில் நாலு ஜன்னல், ஒன்றில் தட்டியதை என் சாப்ட்வேர் திறந்திருக்கிற எல்லா ஜன்னலிலும் போட்டுவிடும். (பெரிய விஞ்ஞானின்னு நினைப்பு!)

"கட்டையை எடுத்தா ஆட்டம் முடிஞ்சுது. உன்னுது ஓடுதா நிக்குதான்னு எவனுக்குடா தெரியும்?" என்றான்.

"பொறாமை" என்றேன்.

அன்று சாயங்காலம் அக்கா சென்டருக்கு வந்தாள். வரன் பார்க்கும் வெப்சைட்டில் அப்பா பொறுக்கிய நாலு பேருடன் சாட் செய்துகொண்டிருந்தாள். வேலூர்க்காரரைத்தான் பிடித்திருந்தது, மற்ற மூவருக்கும் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். நாலு ஜன்னலையும் நானே திறந்துகொடுத்தேன். அவள் வேலூர் ஜன்னலில் தட்டினாள்: "உங்களைப் பிடிச்சிருக்கு. ஞாயித்துக்கிழமை வீட்டோட வாங்க." வெட்கத்தில் உடனே எழுந்து ஓடிவிட்டாள். நிறுத்த மறந்த என் சாப்ட்வேர் கடமையைச் செய்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அம்மா எட்டு பேருக்குக் கேசரி கிளறினாள். வேலூர் வேன் வந்தது. பின்னாலேயே போளூர், ஆரணி, விழுப்புரம். எல்லார் கையிலும் பழத்தட்டு.

"என்னடா இது, டெண்டரா விட்டிருக்கோம்?" என்று அப்பா என் காதைத் திருகினார்.

வேலூர்ப் பெரியவர் எழுந்துவிட்டார். "விசாரிக்காம வந்தது எங்க தப்புங்க."

உள்ளே அக்கா விசும்பும் சத்தம். ஐயோ, என் விளையாட்டால் அவள் வாழ்க்கை போச்சே! கூடத்தின் நடுவில் நின்று, நாலு அக்கவுண்ட் கதையை உளறிக்கொட்டினேன். "பொண்ணுக்கு நாலு பேங்க் அக்கவுண்டாம்" என்று ஆரணி அம்மா மகனிடம் கிசுகிசுத்துவிட்டு இன்னும் வசதியாக உட்கார்ந்தார்.

வேலூர் மாப்பிள்ளை மட்டும் கேட்டார்: "ஹார்டுவேரா, சாப்ட்வேரா?"

"சாப்ட்வேருங்க."

"ஆஃப் பண்ண மறந்துட்டியா?"

தலையாட்டினேன். அவர் பெரியவர் பக்கம் திரும்பினார். "உக்காருங்கப்பா. பையன் பொய் சொல்லல. நானே அஞ்சு அக்கவுண்ட் ஓட்டறேன்."

மற்ற மூன்று வீட்டாரும் ஆளுக்கு ஒரு ஸ்பூன் கேசரியோடு கிளம்பினார்கள். ஆவணியில் கல்யாணம்.

இத்தனை வருஷம் ஆச்சு. இன்றைக்கும் அக்கா "சாப்பிட வாங்க"ன்னு மெசேஜ் போட்டால் மாமாவின் பதில் ஒன்றுதான்: "எனக்கு மட்டும்தானே?"