பந்தை நிறுத்துகிற மட்டை

மூன்றாவது பந்தும் கோல்ஃப் மைதானத்துக் கிரீனில் விழுந்தது, ஒரு குதி குதித்தது, கொடிக்கம்பத்தைச் சட்டை செய்யாமல் கடந்து போய் அந்தப் பக்கத்துக் குளத்தில் இறங்கியது. அடித்தவர் குளத்தைப் பார்க்கவில்லை. கையிலிருந்த மட்டையைத்தான், கையும் களவுமாகப் பிடிபட்ட திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

அவர் வால்வுத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். தலைமுடி அளவு கோணல் இருந்தாலும் சரக்கைத் திருப்பி அனுப்புவது இருபத்தாறு வருட வேலை. தெருவில் அவருக்குப் பெயரே 'ரிட்டர்ன்'. வீட்டிலும் அதே கைதான். வாங்கி வந்த வாளி, தைத்து வந்த சட்டை, பெண்ணுக்கு வந்த மூன்று வரன்கள் எல்லாமே வந்த வழியே போயிருக்கின்றன.

நாலாவது வரனை அப்படி அனுப்ப முடியாது. பெண்ணே பார்த்து வைத்த பையன். பையனின் அப்பா கண் டாக்டர், முப்பது வருடமாக கோல்ஃப் ஆடுகிறவர். இரண்டு வீட்டாரும் சந்தித்த அன்று, பேச்சு முடிந்து எழுந்திருக்கும் நேரத்தில், நீங்களும் ஆடுவீர்களாமே என்று டாக்டர் கேட்டார். ரிட்டர்ன் ஆடுவார்தான், தொழிற்சாலைக்காரர்களோடு இரண்டு வருடமாக.

"அப்ப ஞாயித்துக்கிழமை ஒன்பது குழி ஆடிடுவோம். ஒரு மனுஷன் யாருன்னு கிரீன் பக்கத்துல தெரிஞ்சிடும். மத்ததை அப்புறம் பேசிக்கலாம்," என்றார் டாக்டர்.

வேறு யாராக இருந்தாலும் சிரித்துவிட்டுச் செருப்பைத் தேடியிருப்பார்கள். நம் ஆள் அந்த வாக்கியத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்துப் போட்டுப் பரிசோதித்தார். கிரீன் பக்கத்தில் என்ன தெரியும்? குழியைச் சுற்றி மழித்துவிட்ட புல்தரை. அதில் பந்து விழுந்த இடத்தில் நிற்கிறதா, உருண்டு ஓடுகிறதா என்பதுதான் தெரியும். ஓடினால் என்ன அர்த்தம்? நிதானமில்லாத குடும்பம்.

"அவர் பரீட்சை வைக்கிறார்," என்றார் மனைவியிடம்.

"விளையாடக் கூப்பிட்டிருக்கார்."

"அப்புறம் பேசிக்கலாம்னு ஏன் சொன்னார்? அந்த 'அப்புறம்' எதுக்கு?"

மனைவி காய் நறுக்கப் போனாள். பெண்தான் அறைக்குள்ளிருந்து வந்து நின்றாள். "அப்பா, எனக்கு இவரைத்தான் பிடிச்சிருக்கு. இதையும் திருப்பி அனுப்பிடாதீங்க."

"நான் எங்கேம்மா அனுப்பறேன்? இந்தத் தடவை என்னையே அனுப்பிடுவாங்க போலிருக்கு."

பந்தை நிறுத்துவதற்கென்றே வெட்ஜ் என்று ஒரு குட்டை மட்டை இருக்கிறது. அவரிடம் இருந்தது யாரோ ஆடித் தேய்த்துவிட்டுக் கொடுத்தது. திங்கட்கிழமை கடைக்குப் போனார். கடைக்காரர் அறுபது டிகிரி மட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். வானத்தைப் பார்த்து மல்லாந்து படுத்த முகம். பந்து நேரே மேலே போகும், நேரே கீழே வரும், உட்கார்ந்த இடத்தில் உட்காரும் என்றார்.

மேலே போனது நிஜம். கீழே வந்ததும் நிஜம். ஆனால் அடித்த இடத்திலிருந்து நாலடி தூரத்தில்.

மறுநாள் அந்த மட்டையைத் தொழிற்சாலைக்கு எடுத்துப் போய்க் கோணத்தை அளந்தார். பிசகில்லாமல் அறுபது. அதுதான் அவருக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. இவ்வளவு சரியாக இருக்கிற சாமானை எவன் கடையில் வைத்து விற்பான்? ஏதோ உள்குத்து இருக்கிறது என்று அன்றைக்கே திருப்பிக் கொடுத்தார்.

அடுத்து வந்தது அடிவயிறு பெருத்த மட்டை. அந்த வயிறு தரையில் சறுக்கி, மட்டை மண்ணில் புதையாமல் காப்பாற்றும் என்றார் கடைக்காரர். மணலுக்கு அது சரி. மைதானமோ வெயிலில் காய்ந்து தார்ச்சாலை மாதிரி கிடந்தது. வயிறு தரையில் மோதி மட்டை எகிறியது. பந்து முழங்கால் உயரத்தில் சீறிப்போய், கிளப் செயலாளர் வாயருகே கொண்டுபோன தேநீர்க் கோப்பையைத் தட்டிவிட்டது. செயலாளர் சட்டையைத் துடைத்தபடியே வந்து, இன்னொரு தடவை இப்படி நடந்தால் ஞாயிற்றுக்கிழமை வாசற்கதவு திறக்காது என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை என்று ஏன் குறிப்பாகச் சொன்னார்? டாக்டரும் இந்தச் செயலாளரும் ஒரே கிளப்தானே? வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் ரிட்டர்ன் இதையே யோசித்தார்.

புதன்கிழமை மனைவியின் தம்பி வந்தான். கோல்ஃபை டிவியில் மட்டும் பார்த்திருக்கிறவன். ஆகையால் அவனுக்கு எல்லாம் தெரியும்.

"முகத்துல கோடு கோடா இருக்கு பாருங்க அத்தான், அதுதான் பந்தைப் பிடிச்சு நிறுத்தறது. உங்க பழைய மட்டையில அது மழுங்கிப் போச்சு. அரத்தை எடுத்து ஒரு இழுப்பு இழுங்க."

ரிட்டர்ன் ஒரு இழுப்போடு விடவில்லை. இரண்டு மணி நேரம் இழுத்தார். மறுநாள் அடித்துப் பார்த்தால், அதிசயம், பந்து கொடிக்குப் பக்கத்தில் கொஞ்சமாக உருண்டு நின்றது. ஓடிப்போய் எடுத்தார். பந்தின் தோல் பாதி உரிந்து தொங்கியது.

மட்டையை வாங்கிப் பார்த்த மனைவி, கேரட் சீவ உதவும் என்றாள். தம்பிக்காரன் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே, இப்படி ராவுவது விதிப்படி தப்பு, கண்டுபிடித்தால் ஆட்டத்தை விட்டே வெளியே அனுப்பிவிடுவார்கள் என்றான்.

"இதை நேத்தே சொல்றதுக்கென்ன?"

"நீங்க கேக்கலையே அத்தான்."

ரிட்டர்னுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. அவர் திருப்பி அனுப்பிய இரண்டாவது வரன், இவன் கொண்டுவந்த பையன். இரண்டு வருடமாக மனதில் வைத்திருந்து பழி வாங்குகிறான். அன்றிலிருந்து அவனுக்கு அந்த வீட்டில் பிஸ்கட் கிடையாது.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்றாள் மனைவி, பொதுவாகச் சுவரைப் பார்த்து. "நீங்க மட்டையைப் பழி சொல்லிட்டுத் திரியறீங்க."

சனிக்கிழமை அவர் கடைக்குள் நுழைந்ததும் கடைக்காரர் அலமாரிக்குப் பின்னால் போனார். பிறகு வேறு வழியில்லாமல் வெளியே வந்து ஒரு மட்டையை நீட்டினார். "இது நடுத்தரம் சார். கோணமும் நடுத்தரம், வயிறும் நடுத்தரம். ஒரே ஒரு உதவி பண்ணுங்க. இதை அளக்காதீங்க."

கடை வாசலிலேயே நின்று அளந்தார். குறையில்லை. திருப்பிக் கொடுக்க நேரமும் இல்லை.

ஞாயிறு காலை. டாக்டர் வெள்ளைத் தொப்பியும் விரிந்த சிரிப்புமாக வந்தார். அந்தச் சிரிப்பில் பல் அதிகமாகத் தெரிவதாக ரிட்டர்னுக்குப் பட்டது. முதல் குழி. கிரீனுக்கு எண்பது கெஜம். ரிட்டர்ன் மூச்சைப் பிடித்து நடுத்தர மட்டையால் அடித்தார்.

பந்து விழுந்தது. விழுந்த இடத்திலேயே, ஆணி அடித்த மாதிரி நின்றது.

அவர் மட்டையைத் தடவிக் கொடுத்தார். டாக்டர் தொப்பியைத் தூக்கிப் பார்த்தார். "நல்லா நிக்குதே," என்றார். குரலில் பாராட்டைவிட விசாரணை அதிகம்.

பிறகு டாக்டர் அடித்தார். அவருடையதும் விழுந்த இடத்தில் நின்றது.

"உங்களுதும் நல்லா நிக்குதே," என்றார் ரிட்டர்ன்.

இரண்டாவது குழியிலும் இரண்டும் நின்றன. மூன்றிலும், நாலிலும் அப்படியே. ரிட்டர்னுக்குச் சந்தோஷம் கரைந்து சந்தேகம் ஊறியது. தன் பந்து நிற்பது புது மட்டையால். சரி. இந்த மனிதருடையது எதனால்? முப்பது வருடம் ஆடியவர், அரம் எங்கே கிடைக்கும் என்று தெரியாமலா இருப்பார்? பந்தயத்தில் ஏமாற்றுகிறவர் வீட்டில் பெண்ணை எப்படிக் கொடுப்பது?

ஐந்தாவது குழி முடிந்ததும் டாக்டர் கை கழுவிவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார். அவர் தலை மறைந்த நிமிஷமே ரிட்டர்ன் டாக்டரின் பையிலிருந்து வெட்ஜை உருவி, மர நிழலுக்குப் போய், சட்டைப்பையிலிருந்து வெர்னியர் அளவுகோலை எடுத்துக் கோடு கோடாக அளக்க ஆரம்பித்தார். எட்டாவது கோட்டில் நிமிர்ந்து, தன் பையைப் பார்த்தார்.

டாக்டர் கை கழுவவே போகவில்லை. வேறு வழியாகச் சுற்றி வந்து, ரிட்டர்னின் பைக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் ரிட்டர்னின் வெட்ஜ். இன்னொரு கையில், கண்ணில் விழுந்த தூசியைப் பார்க்கிற பூதக்கண்ணாடி.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒரு காக்கை கத்திவிட்டுப் போனது. பெண்ணின் முகம் ரிட்டர்னின் கண்ணெதிரே வந்தது. காது மடல் சுட்டது. இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாகத் தான் நிராகரிக்கப்பட்ட சரக்காக நிற்பதை உணர்ந்தார்.

டாக்டர்தான் தொண்டையைக் கனைத்தார். "உங்களுதுல ஒண்ணும் தப்பில்லை."

"உங்களுதுலயும் இல்லை," என்றார் ரிட்டர்ன். "எட்டுக் கோடு பார்த்துட்டேன். இன்னும் பாக்கி இருக்கு."

"பாத்துடுங்க. பாதியில விட்டா எனக்கும் பிடிக்காது."

ரிட்டர்ன் மிச்சத்தையும் பார்த்தார். டாக்டர் பூதக்கண்ணாடியைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு, தன் பையனுக்கு வந்த ஐந்து இடத்தை இதே கண்ணாடியால் பார்த்துத் தள்ளிவிட்டதாக ஒப்புக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு எதையும் வாங்குகிற குடும்பத்தில் சம்பந்தம் வைத்துக்கொள்ள அவருக்கு இஷ்டமில்லையாம். "இப்ப நிம்மதியா இருக்கு, சம்பந்தி."

சம்பந்தி. அந்தச் சொல்லை ரிட்டர்ன் இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்தார். ஒரு குறையும் தட்டுப்படவில்லை.

மிச்ச நாலு குழியிலும் பந்துகள் விழுந்த இடத்தில் விழுந்தபடியே நின்றன. ஆட்டம் முடிந்து, கால்சட்டை முழங்கால் வரை ஈரமாக, இரண்டு சம்பந்திகளும் ஒன்பதாவது கிரீன் ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மணிக்கட்டை எப்படித் திருப்ப வேண்டும் என்று டாக்டர் விளக்கினார். எல்லாம் மட்டையைத் தேர்ந்தெடுப்பதில்தான் இருக்கிறது என்றார் ரிட்டர்ன். இந்த வித்தையைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று இருவரும் ஒருமனதாகத் தீர்மானித்தார்கள்.

பக்கத்தில் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்த புல்தரைக்காரர் அதைக் கேட்டு நிமிர்ந்தார்.

"நேத்து சாயங்காலம் உங்க பொண்ணு வந்து ஒன்பது கிரீனையும் நல்லா ஊற வைக்கச் சொல்லிட்டுப் போச்சு, அரை மணி கழிச்சு டாக்டர் பையனும் தனியா வந்து அதையே சொன்னாரு, நானும் ரெண்டு தடவை தண்ணி விட்டேன் சார், இன்னிக்குச் செங்கல்லைத் தூக்கிப் போட்டாலும் போட்ட இடத்துலதான் நிக்கும்."