சேறு சாருக்கு உலகப் பரிசு, எனக்குப் பயம்

அன்றைக்கு எங்கள் ராயபுரம் வீட்டில் இருந்தவர்கள்: நான், என் மனைவி ஸ்டெல்லா, எதிர்வீட்டு காதர் பாய், கடைசியாக வந்த சேறு சார். கட்டிலுக்கடியில் இருக்க வேண்டிய பன்னிரண்டு பாட்டில் சேறு மட்டும் இல்லை.

உலகத்திலேயே சேற்றை மூக்கால் படிக்கத் தெரிந்தவர் சேறு சார் ஒருவர்தான். பல்கலைக்கழகத்தில் பெரிய பேராசிரியர், பிறந்தது எங்கள் வடசென்னை டோல்கேட், பேச்சும் அப்படியே. வாரம் ஒருமுறை என் ஆட்டோவில் எண்ணூர் கழிமுகத்துக்குப் போவார். முட்டிவரை பேண்ட்டை மடித்து இறங்கி, ஒரு பிடி அள்ளி முகர்ந்து, "மாமு, இது போன மழைல வந்தது" என்பார். நான் ஆறாவதோடு நின்றவன், நம்பிவிடுவேன். ஆய்வுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, நாற்றத்துக்கு ரயிலில் ஏற்றமாட்டார்கள் என்று மிச்சச் சேற்றைப் பாட்டில்களில் அடைத்து என் வீட்டில் வைத்துவிட்டுப் போவார். வாயு கட்டி வெடித்துவிடுமோ என்று மூன்று வருஷமாகச் சுவரோரம் ஒருக்களித்தே படுத்தேன்.

மாதா கோயில் திருவிழாவுக்கு வீடு மந்திரிக்க ஃபாதர் வருகிறார் என்று ஸ்டெல்லா வீட்டைக் கழுவினாள். பாட்டில்களையும் கழுவினாள். சேறு சாக்கடைக்குப் போனது. பாட்டில்களில் ஃபாதர் மந்திரித்த தீர்த்தம் பிடித்து, வந்த சொந்தக்காரர்களுக்கு ஆளுக்கொன்று கொடுத்தனுப்பிவிட்டாள்.

மறுநாள் டிவியில் சார் முகம். எண்ணூர் சேற்றை ஆராய்ந்ததற்கு உலகத்தின் பெரிய பரிசாம். பரிசு கொடுக்கிற வெள்ளைக்காரன் வந்து சேற்றைக் காட்டு என்றால்? பரிசைப் பிடுங்கிக்கொண்டால்?

தைரியம் சொல்ல வந்தார் காதர் பாய். "இன்னாத்துக்கு பேஜாரு? வேற சேறு அள்ளிப் போடு. யாருக்குத் தெரியப் போவுது?"

சாரின் மூக்கை நினைத்தேன். அதற்குத் தெரிந்துவிடுமே.

அந்த நேரம் பார்த்து ஸ்வீட் பாக்ஸோடு சார் நுழைந்தார். பயத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் முகம் வெளுத்தது. பரிசு போயிற்று என்று நினைத்தேன்.

"தீர்த்தத்த யார்னா குட்ச்சாங்களா?" என்று கேட்டார்.

"சோப்பு போட்டுத்தான் சார் கழுவுனேன்" என்றாள் ஸ்டெல்லா.

"அந்தச் சேத்துல காரீயம் கீதும்மா, சோப்புக்குப் போவாத வெசம். அதக் கண்டுபுடிச்சதுக்குத்தான் பரிசே. நம்பரக் குடு."

பன்னிரண்டு வீட்டுக்கும் அவரே போன் போட்டார். நடுநடுவே வெளிநாட்டிலிருந்து வாழ்த்துச் சொல்ல அழைப்பு வந்தது. கட் பண்ணிக்கொண்டே இருந்தார். தூத்துக்குடி அத்தை மூட்டுவலியைச் சொல்லி முடிக்கும்வரை மட்டும் பொறுமையாகக் கேட்டார். யாரும் குடிக்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் உட்கார்ந்தார். "சேறு போனா போவட்டும் மாமு, மறுபடி அள்ளலாம்" என்றார்.

பரிசு வாங்க அடுத்த வாரம் விமானம் ஏறுகிறார். அங்கே கடுங்குளிராம். அந்த மனுஷனுக்கு ஸ்வெட்டர் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் எனக்குத் தூக்கமே வரவில்லை.