வெண்குடை நாட்டுக் கதவுகள்

“கதவு சரிங்க. வீடு எங்க?”

அஞ்சுகம் இப்படிக் கேட்டதும் கதவு அதிகாரி நீலமேகனார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“அம்மையே, கதவு எங்கே இருக்கிறதோ அங்கே வீடு இருக்கிறது. சட்டம் அது. கதவுக்குப் பின்னால் போய் நில்லுங்கள். நின்றாயிற்றா? இப்போது நீங்கள் வீட்டுக்குள் இருக்கிறீர்கள். வாழ்த்துகள்.”

“மழை பேஞ்சா?”

“வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு மழையைப் பற்றி என்ன கவலை?”

நடந்தது இதுதான். மன்னரின் அன்னப் படகு போகும் வழியில் ஆற்றங்கரைக் குடிசைகள் கண்ணை உறுத்தின, பிரித்துப் போட்டார்கள். ஆனால் வெண்குடை நாட்டில் மன்னரையே ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுப்பார்கள். எனவே பிரித்துப் போட்டதோடு விட்டுவிட முடியவில்லை. குடும்பத்துக்கு ஒரு தேக்குக் கதவு கொடுத்தார்கள். முன்பக்கம் மன்னரின் சிரித்த முகம், செதுக்கி மெருகேற்றியது. பின்பக்கத்தை யார் பார்க்கப்போகிறார்கள்? அங்கே வரிசையாகக் குறுக்கு மரச்சட்டங்களை அறைந்து விட்டுவிட்டார்கள். “இன்று முதல் இந்நாட்டில் வீடற்றவர் எவருமிலர்!” என்று அமைச்சர் சர்வலோகர் மேடையில் முழங்கினார். கைதட்டல் கொஞ்சம் குறைவுதான். பாதிப் பேர் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆமாம், பிடித்துக்கொண்டேதான் இருக்க வேண்டும். கதவு சாய்ந்தால் அரசு கொடுத்த வீட்டை இடித்த குற்றம். அஞ்சுகத்தின் கணவன் மாசிலாமணி கல் உடைக்கப் போவதை விட்டுவிட்டுக் கதவைத் தாங்கினான். அவன் தோள் மரத்துப்போனால் அஞ்சுகம். அவளும் சோறு வடிக்கப் போனால் மகள் குயிலி.

கதவுகள் ஒரே இடத்தில் நிற்பதைப் பார்த்து அமைச்சருக்குப் புதுக் கவலை வந்தது. “கதவும் மரம்தானே? ஒரே இடத்தில் விட்டால் வேர் பிடித்துவிடும். அப்புறம் இடம் எங்களுடையது என்பார்கள்.” அதனால் பௌர்ணமிதோறும் எல்லாரும் கதவைத் தூக்கிக்கொண்டு வேறு இடத்துக்குப் போக வேண்டும் என்று ஆணை வந்தது. இடம் மாறினால் பள்ளிக்கூடமும் மாறும். பள்ளிக்கூடம் மாறினால் முதல் பாடத்திலிருந்து தொடங்க வேண்டும். அதற்கும் ஆணை உண்டு.

முதல் பாடத்தில் ஓர் ஆட்டுக்குட்டி கிணற்றில் விழும். அதோடு பாடம் முடிந்துவிடும். குயிலி அதை எத்தனையோ பள்ளிகளில் படித்துவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பாள். ஒவ்வொரு முறையும் இரண்டாம் பாடத்துக்குப் பக்கத்தைத் திருப்பும் நேரத்தில் பௌர்ணமி வந்துவிடும்.

“குட்டி வெளிய வந்துச்சாம்மா?”

“தெரியலடி. நானும் அதுக்கு மேல படிக்கலையே.”

தூக்கத்தில்கூடக் குட்டி கத்துவதாகச் சொன்னாள் குயிலி. சோறு சரியாக இறங்கவில்லை. எந்தப் பள்ளியிலும் யாரோடும் சேருவதில்லை. “எதுக்குப் பேர் கேக்கணும்? போயிடத்தானே போறோம்” என்பாள்.

தேர்தல் நெருங்கியது. மன்னர் மாடத்திலிருந்து பார்த்து மகிழ்வதற்காகக் கதவுகள் எல்லாவற்றையும் அரண்மனை மதிலுக்கு எதிரே மைதானத்தில் நிறுத்தினார்கள். அங்கே பௌர்ணமி வந்த அன்றுதான் வாத்தியார் இரண்டாம் பாடம் நடத்துவதாக இருந்தார். காலையிலேயே நீலமேகனார் வண்டிகளோடு வந்து கதவைத் தட்டினார்.

தட்டித்தான் ஆக வேண்டும். ‘குடிமக்களின் மானம் காக்க, கதவு திறக்காமல் எந்த அதிகாரியும் உள்ளே நுழையலாகாது; சுவரே இல்லை என்று சொல்வது ராஜத்துரோகம்’ என்று அவர்களே எழுதிவைத்த சட்டம்.

அஞ்சுகம் மகளைப் பின்பக்கமாகப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, கதவைத் தாங்கியபடி சொன்னாள்: “வீட்ல யாரும் இல்லீங்க.”

நீலமேகனார் தலையைக் கொஞ்சம் சாய்த்தார். அவளும் தெரிந்தாள், மாசிலாமணியும் தெரிந்தான், அடுப்பில் கொதித்த உலையும் தெரிந்தது. நிமிர்ந்து கதவை மட்டும் பார்த்தார்.

“எப்போது வருவார்கள், அம்மையே?”

“பள்ளிக்கூடம் விட்டதும் வந்துடுவாங்க.”

“என்னய்யா, கால் வலிக்குதா?” என்றான் மாசிலாமணி. “உள்ள வந்து உக்காருங்கன்னு சொல்லலாம். ஆள்தான் இல்லியே.”

மைதானம் முழுக்கச் சிரிப்பு. எந்த வீட்டிலும் ஆளில்லை என்று ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலிருந்தும் குரல் வந்தது. வெயில் ஏறியதும் சர்வலோகரே பல்லக்கில் வந்தார். அவரும் தட்டினார். அவரும் காத்திருந்தார்.

பள்ளி விட்டதும் குயிலி புத்தகத்தோடு ஓடிவந்தாள். முகம் தொங்கிப்போயிருந்தது.

“என்னடி, குட்டி செத்துப்போச்சா?”

“இல்லம்மா. ராஜா கிணத்துக்குள்ள ஒரு கதவ எறக்கிவிட்டாராம். குட்டிக்கு வீடு கெடச்சிருச்சாம். பாடம் முடிஞ்சுபோச்சு.”

“அப்ப வெளிய வரலையா?”

“உள்ளயேதாம்மா நிக்குது. கதவோட.”

கதவின் மறுபக்கத்தில் சர்வலோகர் மெல்லச் சொன்னார்: “அருமையான பாடம். நானே எழுதியது.”

குயிலி அதைக் கவனிக்கவில்லை. கதவின் பின்பக்கத்துக் குறுக்குச் சட்டங்களை அண்ணாந்து பார்த்தாள். ஒன்றில் கை வைத்தாள், இன்னொன்றில் கால் வைத்தாள்.

“அம்மா, ராஜா குடுத்த கதவுலயும் இந்த மாதிரி கட்டை இருந்திருக்கும்ல? நேரா நிக்க வைக்காம சாய்ச்சு வெச்சா, குட்டி ஏறி வந்துடும்ல?”

அஞ்சுகம் ஒரு கட்டையை இழுத்துப் பார்த்தாள். மாசிலாமணி கதவைப் பார்த்தான். அடுத்த கதவுக்காரரும் தன் கதவின் பின்பக்கத்தைப் பார்த்தார். பிறகு ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் திரும்பி, எதிரே இருந்த அரண்மனை மதிலின் உயரத்தைப் பார்த்தார்கள்.

சர்வலோகர் இன்னும் பொறுமையாகத் தட்டிக்கொண்டிருந்தார்.

மதில் கொஞ்சம் உயரம்தான். ஒரு கதவு போதாது. ஆனால் எல்லாக் கதவுகளையும் சேர்த்துக் கட்டினால்? எட்டும் என்றுதான் எனக்குப் படுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?