பதினான்காம் பக்கத்துப் பத்தாயிரம்

ஒரு பொருளுக்கு மதிப்பு வர வேண்டுமானால் அது முதலில் செல்லாமல் போக வேண்டும் என்பது எங்கள் தெரு கண்டுபிடித்த உண்மை. பத்தாயிரம் நோட்டு செல்லுபடியாக இருந்தவரை அதை ஒருவரும் சீண்டவில்லை. கொண்டுபோய் நீட்டினால், சில்லறைக்கு எங்கே போவேன் என்று கடைக்காரர்கள் விரட்டினார்கள். அரசாங்கம் அதைச் செல்லாது என்று அறிவித்து இருபது வருஷம் கழிந்த பிறகு தெருவே அதை நினைத்து உருக ஆரம்பித்தது.

போன வருஷம் மீன்தொட்டி. அதற்கு முந்தின வருஷம் ஓடாத சுவர்க்கடிகாரம். இந்த வருஷம் பழைய நோட்டு. நோட்டு கிடைக்காதவர்கள் பத்திரிகையில் வந்த அதன் படத்தை வெட்டிக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டினார்கள். படமும் கிடைக்காதவர்களுக்கு நினைவு இருந்தது. எங்க அப்பா அந்த நோட்டைச் சுருட்டித்தான் சுருட்டே பற்ற வைப்பார் என்று ஒருவர் சொன்னார். அவருடைய அப்பா சுருட்டையே இரவல் வாங்கிக் குடித்தவர். யாரும் மறுத்துப் பேசவில்லை. மறுத்தால் நம் அப்பாவைப் பற்றி அவர் ஆரம்பித்துவிடுவாரே.

தெருவில் அந்த நோட்டு நிஜமாகவே இருந்த ஒரே இடம், முடி வெட்டும் கத்திரி அண்ணனின் பெட்டி. கல்யாணத்தன்று மாமனார் கொடுத்தது. மாற்ற முடியாததால் மிச்சமானது.

கத்திரி அண்ணனுக்கு நோட்டின் மேல் ஆசை கிடையாது. அவர் ஆசையெல்லாம் ஒரு நாற்காலியின் மேல். கடையில் இருந்த நாற்காலி, ஆள் உட்கார்ந்ததுமே மெல்ல மெல்ல இறங்கும். கிருதாவில் கை வைக்கும்போது நெஞ்சு உயரத்தில் இருக்கிற தலை, பிடரிக்கு வருவதற்குள் அவர் முழங்கால் வரைக்கும் போய்விடும். மீதியை மண்டி போட்டு வெட்டுவார். பார்க்கிறவர்கள் ஏதோ மன்னிப்புக் கேட்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். வாடிக்கைக்காரர்கள் கூச்சப்பட்டு முனையிலிருந்த ஏசி சலூனுக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியவர்கள் நாலு பேர், அதில் இரண்டு பேர் வழுக்கை. புது நாற்காலி வராவிட்டால் கடையை மூட வேண்டியதுதான்.

பழைய நோட்டு சேகரிக்கிற பல் டாக்டர் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நாற்காலியை நானே வாங்கித் தருகிறேன், அபூர்வம் என்று ஒரு சான்றிதழ் மட்டும் கொண்டு வா என்றார்.

அரிய பணத்தாள்கள் அங்கீகார அலுவலகம் என்று ஒன்று புதிதாகத் திறந்திருந்தார்கள். மனுவோடு பதின்மூன்று பக்கம் கேட்டார்கள். பிறப்புச் சான்று, இருப்பிடச் சான்று, நோட்டைத் தாமே அச்சடிக்கவில்லை என்ற உறுதிமொழி, மாமனார் மாமனார்தான் என்பதற்கு மாமியாரின் கையெழுத்து. எல்லாவற்றையும் வைத்து, மேலே நோட்டையும் வைத்துக் கொடுத்தார் அண்ணன்.

குமாஸ்தா பக்கங்களைத் தட்டி நேராக்கினார். பஞ்சிங் மிஷினை எடுத்தார். ஒரே அழுத்து. பதின்மூன்று காகிதத்திலும் நோட்டிலும் சேர்த்து இரண்டு ஓட்டை. கயிறு கோத்து முடிச்சுப் போட்டு, சிவப்பு மையால் நோட்டின் மூலையில் பதினான்கு என்று எழுதி வட்டம் போட்டார்.

அண்ணன் கோப்பின் மேல் கை வைத்தார்.

"சார், அது நோட்டு சார்."

"கோப்புக்குள்ள வந்துட்டா எல்லாம் காகிதம்தான்," என்றார் குமாஸ்தா. "பதினெட்டு வருஷ சர்வீஸ்ல ஓட்டை போடாம நான் ஒரு தாளையும் விட்டதில்லை. என் கல்யாணப் பத்திரிகையைப் பழைய ஆபீஸ்ல கொடுத்தப்போ அதுக்கும் போட்டேன்."

அண்ணன் மேலதிகாரியிடம் ஓடினார். அதிகாரி நல்ல மனிதர். உட்காரச் சொல்லி, ஓட்டை போனால் போகட்டும், நோட்டைத் திருப்பிக் கொடுங்கள் என்கிற விண்ணப்பத்தைப் பொறுமையாகக் கேட்டார்.

"தாராளமா எடுத்துக்கலாம். ஆனா பதினாலாம் பக்கம் காணோம்னு தணிக்கையில கேட்பாங்க. எடுக்கற பக்கத்துக்கு நகல் வைக்கணும்."

"நகல் எடுத்துக்குங்க சார்."

அதிகாரி எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "மெதுவாப் பேசுங்க. நோட்டை நகல் எடுத்தா அதுக்குப் பேரு கள்ளநோட்டு."

"அப்ப இதே மாதிரி இன்னொரு நோட்டு தேடிக் கொண்டுவந்து வெச்சா?"

"வைக்கலாம். ஆனா இன்னொண்ணு இருந்தா இது எப்படி அபூர்வமாகும்? மனுவே தள்ளுபடி ஆயிடுமே."

சட்டம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் அண்ணன் வீட்டுக்கு வந்தார். அண்ணி கேட்டுவிட்டு, "ஓட்டை போடறதுக்கா அவ்வளவு தூரம் போனீங்க? கோணி ஊசியை எடுத்து நானே போட்டுத் தந்திருப்பேனே," என்றாள்.

நாலு மாதம் கழித்துச் சான்றிதழ் வந்தது. முத்திரை, கையெழுத்து எல்லாம் பிரமாதம். "மேற்படி பணத்தாள் மிகவும் அரியது என்றும், எந்த அளவுக்கு அரியது எனில், தற்சமயம் மனுதாரரிடமே அது இல்லை என்றும் இதன்மூலம் சான்றளிக்கப்படுகிறது."

நாற்காலி போச்சு என்று முடிவு செய்துகொண்டு, சொன்ன சொல்லுக்காக சான்றிதழைப் பல் டாக்டரிடம் காட்டினார் அண்ணன். டாக்டர் மூன்று தரம் படித்தார்.

"நோட்டு வெச்சிருக்கறவன் இன்னும் பத்துப் பேராவது இருப்பான்யா. நோட்டே இல்லாம சான்றிதழ் வெச்சிருக்கறவன் நீ ஒருத்தன்தான். இதை எனக்குக் கொடுத்துடு."

மறுநாள் நாற்காலி வந்தது. மிதித்தால் ஏறும், சொன்னால்தான் இறங்கும். அண்ணன் நிமிர்ந்து நின்று முடி வெட்டினார்.

அதோடு கதை முடிந்திருக்கும், தெரு சும்மா இருந்திருந்தால். டாக்டர் வீட்டுக் கூடத்தில் சான்றிதழைப் பார்த்தவர்கள் எல்லோரும் மனுப் போட்டார்கள். நோட்டு இல்லாதவர்கள் நோட்டைப் பற்றிய நினைவை ஒரு தாளில் எழுதி இணைத்தார்கள். சுருட்டுக்காரர் மகன் நாலு பக்கம் எழுதினார். குமாஸ்தா நினைவுகளுக்கும் இரண்டிரண்டு ஓட்டை போட்டார். அதிகாரி ஆழ்ந்து யோசித்து, இவர்களிடமும் நோட்டு இல்லை, கத்திரியிடமும் நோட்டு இல்லை, எனவே வித்தியாசம் காண முகாந்திரமில்லை என்று குறிப்பெழுதி, எல்லோருக்கும் சான்றிதழ் கொடுத்துவிட்டார்.

முந்நூறு சான்றிதழ் ஆனதும் டாக்டர் படுத்த படுக்கையானார். ஒரு பல் கூடப் பிடுங்கவில்லை. பொதுமக்களின் மனவேதனையைக் கனிவுடன் பரிசீலித்த அலுவலகம், சான்றிதழ்களில் எவை அரியவை என்று சான்றளிக்க, அசலை மனுவுடன் இணைத்துத் தருமாறு அறிவித்தது.

திங்கட்கிழமை காலையிலிருந்து வரிசை. மனுவில் புதுப் புகைப்படம் ஒட்ட வேண்டும் என்பதால் எல்லோரும் முடி வெட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். கத்திரி அண்ணனுக்கு மூச்சு விட நேரமில்லை. வரிசைக்கு வராத ஒரே ஆள் அவர்தான்.

டாக்டர் முதலில் நிற்கிறார். நான் பதினேழாவது ஆள். உள்ளே பஞ்சிங் மிஷின் சத்தம் கேட்கிறது. இதையெல்லாம் கேட்டுச் சிரிக்கிறவரே, சிரிப்பதைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை. பின்னாலிருந்து தள்ளாமல் நில்லுங்கள்.